நானூத்தம்பது வாட் போதும்

மே 26, ஞாயிறு

சிந்துஜா இன்னைக்கு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுட்டா. எங்க ரயில் விளையாட்டுக்கு ரெண்டாவது பாகம் வந்துடுச்சாம். அடுத்த ஞாயித்துக்கிழமையில இருந்து அதுலதான் ஓட்டப் போறாளாம். "உங்க கம்ப்யூட்டர்ல அது ஓடாதுங்கப்பா, கிராபிக்ஸ் கார்டு மாத்தணும். முடிஞ்சா பாருங்க, இல்லாட்டிப் பரவால்ல" அப்படின்னா. பரவால்லன்னு சொன்ன விதம் எனக்குப் பிடிக்கல.

விளையாட்டு இதுதான். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கரி ரயிலைப் பனிமலை மேல ஏத்தணும். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் கரி அள்ளிப் போடணும். அவ ஓட்டுவா, நான் கரி. அவளுக்குக் கனடாவுல காலை ஒம்பது மணி, எனக்கு உடுமலையில சாயந்தரம் ஆறரை. காதுல மாட்டற மைக்குல பேசிக்குவோம். "கரி போடுங்க." "போட்டாச்சு." பெரும்பாலும் இவ்வளவுதான். நாலு மாசத்துக்கு முன்னாடி அவளாத்தான் விளையாட வாங்கன்னு மெசேஜ் அனுப்பினா. போன்ல அவ அவங்கம்மாகிட்ட மட்டும்தான் பேசுவா. அதைப் பத்தி இங்க எழுத ஒண்ணுமில்ல.

கார்டு மாத்திட வேண்டியதுதான். இப்ப இருக்கற கார்டுல பனி எல்லாம் மாவு கொட்டின மாதிரி தெரியுது. அதுக்காகத்தான்.

மே 28, செவ்வாய்

தாலுக்கா ஆபீஸ் ரோட்டுல பர்வீன்னு ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கு. விவரமான பொண்ணு. கார்டை எடுத்துக் குடுத்துட்டு, "பவர் சப்ளை எத்தனை வாட் சார்?"ன்னு கேட்டுச்சு. பவர் சப்ளைங்கறது கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள இருக்கற சின்னப் பொட்டி. செவுத்துல இருந்து வர்ற கரண்டை வாங்கி உள்ள இருக்கறதுக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கும்.

"நானூத்தம்பது."

"பத்தாது சார். அறுநூத்தம்பதாவது போட்டுக்குங்க. இந்தக் கார்டு திடீர் திடீர்னு இழுக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "ஏம்மா, முப்பது வருசமா மின்வாரியத்துல இருக்கேன். அசிஸ்டென்ட் இன்ஜினியர். எனக்கே கரண்டு பாடமா?" அப்படின்னேன். அந்தப் பொண்ணு பாவம், "அதுக்கில்லைங்க சார்"ன்னு நிறுத்திக்கிச்சு.

கணக்கு போட்டுப் பார்த்தேன். கார்டு இருநூத்தி இருபது வாட். ப்ராசசர் நூறு. மத்ததெல்லாம் சேர்த்து நாப்பது. மொத்தமே முந்நூத்தி அறுபது. அதுவும் எல்லா லோடும் ஒரே நேரத்துல முழுசா ஓடாது. ஒரு தெருவுல அம்பது வீடு இருந்தா அம்பது வீட்டுலயும் ஒரே நேரத்துல கிரைண்டர் போட மாட்டாங்க. அதை நம்பித்தான் நாங்க டிரான்ஸ்பார்மரே வெக்கறோம். எண்பது சதவீதம் வெச்சாக்கூட இருநூத்தித் தொண்ணூறுக்குள்ள வந்துடும். நானூத்தம்பது தாராளம். வேணும்ங்கறவங்க வாங்கிக்கட்டும்.

ஜூன் 1, சனி

கார்டு மாட்டியாச்சு. செங்கல் மாதிரி கனம். வசந்தாமணி வந்து எட்டிப் பார்த்துட்டு, "ஏனுங்க, ரிட்டயர்டு ஆகப் போற வயசுல இதெல்லாம் உங்களுக்குத் தேவையா?"ன்னா. சொல்லிட்டு அவளே டார்ச்சும் பிடிச்சா. கம்ப்யூட்டர் ஒரே தட்டுல எந்திரிச்சுது. பனி இப்ப பனி மாதிரியே இருக்கு.

ஜூன் 2, ஞாயிறு

அரை மணி நேரம் அருமையா ஓடுச்சு. ரெண்டாம் பாகத்துல புதுசா ஒரு பனிப்புயல் வெச்சிருக்கான். மலை உச்சிக்கிட்ட வர்றப்ப கண்ணு முன்னாடி ஒண்ணுமே தெரியாது. அந்த அஞ்சு நிமிசமும் கரியும் போட வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு லீவரைப் பிடிச்சுக்கிட்டு எஞ்சினுக்குள்ள பக்கத்துல பக்கத்துல நிக்கணும், அவ்வளவுதான்.

சிந்து அவ லீவரைப் பிடிச்சா. அப்புறம், "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்"ன்னா.

டப்புனு கம்ப்யூட்டர் நின்னு போச்சு.

திரை கருப்பு. பொட்டியில ஒரு விளக்குகூட எரியல. தலைக்கு மேல ஃபேன் பாட்டுக்கு ஓடுது. திரும்பப் போட்டு உள்ள போறதுக்குள்ள அவ வெளியேறிட்டா. 'கரண்டு போச்சு'ன்னு மெசேஜ் அனுப்பினேன். 'சரி'ன்னு பதில் வந்துச்சு.

என்ன கேக்க வந்தான்னு தெரியல. பெரிசா ஒண்ணும் இருக்காது.

ஜூன் 3, திங்கள்

கரண்டு போச்சுன்னு அனுப்பியிருக்கக் கூடாது. நம்ம வீட்டுல இன்வெர்ட்டர் போட்டப்ப, இனி இந்த வீட்டுல ஒரு நொடி கூட கரண்டு போகாதுன்னு அவகிட்ட பெருமை அடிச்சவனே நான்தான்.

ஜூன் 9, ஞாயிறு

மறுபடியும் அதே இடம். புயலுக்குள்ள நுழைஞ்சு ரெண்டு நிமிசம் ஆகியிருக்கும். "அன்னைக்கு நான் சென்னையில இருந்து போன் பண்ணேன்ல அப்பா"ன்னு ஆரம்பிச்சா. டப்.

இந்தத் தடவை அவதான் முதல்ல மெசேஜ் அனுப்பினா. 'இன்வெர்ட்டர் என்ன ஆச்சு?'

நான், 'ஏதோ கோளாறு, பாக்கறேன்'னு போட்டேன். பதில் இல்ல.

ஜூன் 11, செவ்வாய்

வீட்டு வோல்டேஜைச் சோதிச்சேன். இருநூத்தி முப்பத்திநாலு. கோயில் மணி மாதிரி சுத்தமா இருக்கு. டாங் டெஸ்டரை எடுத்து கம்ப்யூட்டருக்குப் போற ஒத்தை வயரைக் கவ்வவிட்டு விளையாட்டைத் திறந்து வெச்சேன். கரண்டு எவ்வளவு போகுதுன்னு அது காட்டும். கணக்குப் போட்டா முந்நூத்திப் பத்து வாட்டைத் தாண்டல. பார்த்தியா, நானூத்தம்பது தாராளம்னு சொன்னேன்ல? அப்புறம் எதுக்கு நிக்குது சனியன்?

எர்த் சரியில்லாம இருக்கும். வாசல்ல எர்த் குழியைத் திறந்து, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு நாலு குடம் தண்ணி ஊத்தினேன். பக்கத்து வீட்டு அம்மா மதில் மேல எட்டிப் பார்த்து, "என்னங்க செடி வெக்கறீங்களா?"ன்னாங்க. வசந்தா உள்ள இருந்து, "ஆமாங்க, கம்ப்யூட்டர் செடி"ன்னா. கிண்டல்.

ஜூன் 12, புதன்

வோல்டேஜ் ஏறி இறங்காம இருக்க ஸ்டெபிலைசர் ஒண்ணும் போட்டாச்சு. தேவையே இல்ல. இருந்தாலும் போட்டாச்சு.

ஜூன் 16, ஞாயிறு

எர்த், ஸ்டெபிலைசர் எல்லாம் இருந்தும் டப்.

அவ இன்னைக்குக் குரலை எடுத்த விதத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அந்த விசயத்தைத்தான் எடுக்கறான்னு. மனசைத் திடப்படுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். "அப்பா, இந்தத் தடவையாவது கேட்டுட்டுப் போங்க"ன்னா. நான் "சொல்லு அம்மிணி"ன்னேன். அது அவ காதுக்குப் போச்சா, அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சான்னு தெரியல.

பொட்டியை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். கைதான் வலிக்குது.

ஜூன் 17, திங்கள்

காலையில வசந்தா இட்லித் தட்டை வெச்சுட்டு எதிர்ல உக்காந்துட்டா. அவ அப்படி உக்காந்தா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

"சிந்து நேத்து போன்ல அழுதா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? 'நான் வாயைத் திறந்தாலே அப்பா வெச்சுட்டுப் போயிடறாரும்மா. மூணு வாரமா பாக்கறேன். பிடிக்கலைன்னா சொல்லிடச் சொல்லு, நான் இனிமே கூப்பிடல'ங்கறா."

"நான் எங்க வெச்சேன்? கம்ப்யூட்டர் நின்னு போச்சு."

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க. லைன் கட்டாயிடுச்சுன்னு."

"ஆயிடுச்சு."

"லைன் கட்டானா மனுசன் திரும்பக் கூப்பிட மாட்டானாங்க?"

ரெண்டாவது இட்லியைத் தட்டுலயே விட்டுட்டேன். ஆபீசுக்குக் கிளம்பிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

அன்னைக்குன்னு வசந்தா சொன்னது மூணு வருசத்துக்கு முன்னாடி. சிந்து சென்னையில வேலையில இருந்தா. ஆல்வின்னு ஒரு பையனை, நாகர்கோவில்காரன், கல்யாணம் பண்ணிக்கப் போறேன், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நாள் குறிச்சாச்சுன்னு எனக்குப் போன் பண்ணினா. நான் அப்ப ஒரு கம்பத்துக்கிட்ட நின்னுட்டு இருந்தேன். வெயில். பேசிட்டிருக்கும்போதே லைன் கட்டாயிடுச்சு. அந்தப் பக்கமெல்லாம் சிக்னல் சரியா கிடைக்காது.

ஜூன் 23, ஞாயிறு

ஆறேகாலுக்கே உக்காந்தேன். ஏழரை வரைக்கும் ஸ்டேசன்ல ரயிலோட தனியா நின்னேன். அவ வரல. தனியா ரயிலை எடுக்க முடியாது, ரெண்டு பேர் வேணும்.

வியாழக்கிழமை எழுதினது தப்பு. அங்க சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு. நாலு கோடு இருந்துச்சு. லைன் கட்டாகல, நான்தான் வெச்சேன். கோபத்துல வெச்சேன். கோபம் எல்லாம் ஒரு பத்து நாள்ல போயிடுச்சு. அதுக்கப்புறம் வெக்கம். திரும்பக் கூப்பிட்டா வெச்சதை ஒத்துக்கணுமே, அதனால கூப்பிடல. மூணு வருசம் ஓடிப் போச்சு.

இதை வசந்தாகிட்ட கூட நான் சொன்னதில்ல. அவளுக்குத் தெரியும்னு திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது.

ஜூன் 25, செவ்வாய்

பழனி ரோட்டுல ஒரு ரைஸ்மில்லுல புது மோட்டார் போட்டிருக்காங்க. தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணினா பிரேக்கர் விழுந்து கரண்டு கட்டாயிடுதாம், உங்க லைன்லதான் கோளாறுன்னு ஒரே சத்தம். நேர்ல போனேன். பார்த்த உடனே தெரிஞ்சுது. மில்லு எலக்ட்ரீசியன் மோட்டார் ஓடற கரண்டை மட்டும் கணக்குப் பண்ணி சின்ன பிரேக்கரா மாட்டியிருக்கான். பிடிச்சேன் அவனை.

"ஓடறப்ப முப்பது ஆம்ப்ஸ், சரி. எந்திரிக்கறப்ப? ஆறு மடங்கு இழுக்கும்னு தெரியாதா உனக்கு?"

"அது ஒரு விநாடிதானுங்க சார்."

"அந்த ஒரு விநாடியைத் தாங்கலைன்னா மீதி நாள் பூரா தாங்கி என்னய்யா பிரயோஜனம்?"

சொன்னது எனக்கே உறைச்சுது. அப்படியே நின்னுட்டேன். அவன் நான் இன்னும் திட்டப் போறேன்னு நினைச்சுக்கிட்டு, "மாத்திடறேனுங்க சார், மாத்திடறேனுங்க சார்"ங்கறான்.

திடீர் திடீர்னு இழுக்கும்னு அந்தப் பொண்ணு தமிழ்லதான சொல்லுச்சு! கம்ப்யூட்டர்னா லைட்டு ஃபேன் மாதிரி ஒரே சீரா இழுக்கும்னு நானா முடிவு பண்ணிட்டேன். புயல் வந்ததும் கார்டு கண்ணு சிமிட்டற நேரத்துக்கு ரெண்டு மடங்கு இழுத்திருக்கும். டாங் டெஸ்டர் வெச்சிருந்தாலும் முள்ளு நகர்றதுக்குள்ள அது முடிஞ்சிருக்கும். பவர் சப்ளை தன்னைக் காப்பாத்திக்க எல்லாத்தையும் நிறுத்தியிருக்கும். முப்பது வருசம் இதே வேலை பார்த்தவனுக்கு இது தோணல. எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தினேன் பாரு.

ஜூன் 26, புதன்

பர்வீன் கடைக்குப் போனேன். "நீ சொன்னதுதாம்மா சரி. நான்தான் கேக்கல"ன்னேன். முப்பது வருசத்துல இப்படி ஒரு வாக்கியம் நான் சொன்னதா ஞாபகம் இல்ல. அந்தப் பொண்ணு குத்திக் காட்டல. ரெண்டு பொட்டியை எடுத்து முன்னாடி வெச்சுது.

"எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

ஒண்ணுல பெருசா எண்ணூறு வாட்டுன்னு போட்டிருந்துச்சு. இன்னொண்ணுல எழுநூத்தம்பது. எண்ணூறை எடுக்கப் போனவன் பக்கவாட்டுல ஒட்டியிருந்த சீட்டைப் படிச்சேன். கார்டும் ப்ராசசரும் சாப்பிடறது பன்னெண்டு வோல்ட் லைன்ல இருந்து. எண்ணூறுக்காரன் அந்த லைன்ல குடுக்கறது வெறும் முப்பது ஆம்ப்ஸ், பெருக்கினா முந்நூத்தி அறுபதுதான். எழுநூத்தம்பதுக்காரன் அறுபத்திரெண்டு ஆம்ப்ஸ் குடுக்கறான், கிட்டத்தட்ட மொத்த வாட்டும் அங்கேயே வந்துடுது. கையில தூக்கிப் பார்த்தாலே ரெண்டுக்கும் கனம் வேற.

"அந்த எண்ணூறு பேச்சுக்குத்தான் எண்ணூறு"ன்னேன்.

"அதான் சார்"ன்னு சிரிச்சுது. "இதுன்னா ரெண்டு மடங்கு இழுத்தாலும் நிக்காது. அப்படி என்ன சார் விளையாடறீங்க?"

"மகளோட ஒரு ரயில் விளையாட்டு. கனடாவுல இருக்கா."

பில்லு போட்டுட்டு, மாட்டறப்ப கார்டுக்குத் தனி வயர் குடுங்க, பழைய வயரை எடுத்துப் போடாதீங்கன்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்புச்சு. ரெண்டு தடவையும் தலையாட்டினேன்.

ஜூன் 27, வியாழன்

மாட்டியாச்சு. பழைய பொட்டியைக் கழட்டினா ஒரு கை தூசி. தனியா புயலுக்குள்ள போக முடியாதுன்னு, கார்டை வறுத்தெடுக்கற ஒரு சோதனையை மூணு மணி நேரம் ஓட்டினேன். அசையல.

அப்புறம் சிந்துவுக்கு மெசேஜ் எழுதினேன். எழுத எழுத அழிச்சு, கடைசியில இப்படிப் போச்சு: 'அம்மிணி, மூணு ஞாயித்துக்கிழமையும் நான் வெக்கல. பவர் சப்ளை பத்தல. புயல்ல கார்டு அதிகமா இழுத்து நின்னு போச்சு. கணக்குல தப்பு பண்ணினது நான்தான். இப்ப எழுநூத்தம்பது வாட் போட்டிருக்கேன். ஞாயிறு வா.' கூடவே பழைய பொட்டியையும் புதுப் பொட்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு படமும் எடுத்து அனுப்பினேன்.

சாயந்தரம் வரைக்கும் பதில் இல்ல. வசந்தா ரெண்டு தடவை வந்து என் போனை எட்டிப் பார்த்துட்டுப் போனா.

ஜூன் 28, வெள்ளி

'சரிங்கப்பா. வரேன்.'

ஜூன் 30, ஞாயிறு

வந்தா. முதல் அரை மணி நேரம் கரி போடுங்க, போட்டாச்சு. புயல் வந்துச்சு. லீவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். நான் பொட்டியையே பார்த்துட்டு இருந்தேன். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். அதுக்குள்ள விசிறி சத்தம் கூடிச்சு, அவ்வளவுதான். நிக்கல.

"ஓடுது போல"ன்னா.

"ஓடுது."

"மூணு வாரமும் பவர் சப்ளை. நம்பறேன். மூணு வருசத்துக்கு முன்னாடி போன்ல? அதுவும் பவர் சப்ளையாப்பா?"

வாயில ஆயிரம் வந்துச்சு. சிக்னல், டவர், வெயில். மூணு வருசமா சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தைகள், தன்னால வரும். திரை எரிஞ்சுட்டே இருக்கு, ரயில் போயிட்டே இருக்கு, எதுவும் நின்னு என்னைக் காப்பாத்தல.

"இல்ல அம்மிணி. அது நான்தான் வெச்சேன்."

அவளும் வெச்சுடுவான்னு நினைச்சேன். வெச்சிருந்தா தப்பே சொல்ல மாட்டேன்.

"நீங்க வெச்சது எனக்குத் தெரியலப்பா"ன்னா. "நான் பாட்டுக்கு ஒரு நிமிசம் பேசிட்டே இருந்தேன். அப்புறம்தான் போனைப் பார்த்தேன்."

"என்ன சொன்ன?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு. நான் கேக்கறேன்."

"ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு மூணு சாட்சி வேணும். என் பிரெண்டு ஒருத்தி, அவரோட அண்ணன் ஒருத்தர். மூணாவதுக்கு வேற யார்கிட்டயும் கேக்கல, நீங்க வந்து கையெழுத்துப் போடுங்கப்பான்னு சொன்னேன். நீங்க வந்துட்டீங்கன்னா அவரைப் பத்திக் கொஞ்சங் கொஞ்சமா சொல்லிக்கலாம்னு நினைச்சேன்."

"அப்புறம் யாரு போட்டாங்க?"

"ஆபீஸ் வாசல்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தவரு. கடையில ஆள் இல்லைன்னு அவசரமா வந்து போட்டுட்டுப் போனாரு. பேரு கூட சரியா ஞாபகம் இல்ல."

அந்த நிமிசம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதத் தெரியல. என் மகளோட கல்யாணப் பத்திரத்துல என் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல, கடையைத் திறந்து போட்டுட்டு ஓடி வந்த யாரோ ஒரு மனுசன். அவரு வந்தாரு. நான் வரல.

"தப்பு பண்ணிட்டேன் அம்மிணி. மன்னிச்சுக்க."

"ம்."

"திரும்பக் கூப்பிட வெக்கமா இருந்துச்சு."

"மூணு வருசமாவா?"

"மூணு வருசமா."

அவ அழறாளா சிரிக்கறாளான்னு தெரியாத ஒரு சத்தம் வந்துச்சு. புயல் முடிஞ்சு எதிர்ல மலை தெரிஞ்சப்ப ரெண்டு பேரும் கவனிக்கவே இல்ல. கரி தீர்ந்து, ரயில் நடுப்பாலத்துல நின்னு போச்சு. அப்படியே நிக்கட்டும்னு விட்டுட்டு, ஒரு மணி நேரம் பேசினோம். வேலை, வீடு, அவருக்கு மீன் குழம்பு வெக்கத் தெரியுமாம், இவளுக்குச் சுத்தமா வராதாம். ஆல்வினைப் பத்தி இவ்வளவு நாளா நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. இன்னைக்குக் கேட்டேன்.

எந்திரிச்சு வந்தா, வசந்தா கதவோரம் நின்னுட்டு இருந்தா. எவ்வளவு நேரமா நின்னான்னு கேக்கல. "காபி ஆறிப் போச்சு, வேற போட்டுத் தரேன்"னு உள்ள போயிட்டா.

ஜூலை 1, திங்கள்

காலையில ஆறரைக்கு என் போன் அடிச்சுது. புது நம்பர், கனடா.

"மாமா, நான் ஆல்வின் பேசறேன்."

"சொல்லுங்க மாப்பிள்ளை"ன்னேன். அந்த வார்த்தையை முதல்தடவையா சொல்றேன். நாக்கு ஒண்ணும் வெந்துடல.

அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் என்ன பேசறதுன்னு தெரியல. அவர் அவங்க ஊர் பஸ்ஸைப் பத்திச் சொன்னாரு, குளிரைப் பத்திச் சொன்னாரு, ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை எப்படின்னு சொன்னாரு. நான் "அப்படீங்களா, அப்படீங்களா"ன்னு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். நடுவுல நிறைய நேரம் ரெண்டு பேரும் சும்மாவே இருந்தோம். ஆபீசுக்கு நேரமாச்சுன்னு வசந்தா சைகை காட்டினா. கையைக் காட்டி இருன்னுட்டேன்.

நாப்பது நிமிசம். அவர் வெச்ச பிறகுதான் நான் வெச்சேன்.